இரண்டு பனை ஒன்றாகும் இடம்

விடியற்காலையில் யாழ்ப்பாணத்து வல்லை வெளியில் நின்று பழைய ரேஞ்ச்பைண்டர் (தூரமானி) கமரா ஒன்றைக் கண்ணோடு சேர்த்துப் பார்த்தால், தனித்து நிற்கும் ஒரு பனை இரண்டு பனைகளாகத் தெரியும். சாளரத்தின் நடுவே மஞ்சளாக மங்கி ஒளிரும் சிறு கட்டத்துக்குள் ஒரு பனை அசையாமல் நிற்க, அதன் பக்கத்தில் நிழல் போல இன்னொன்று நிற்கும். வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் திருப்பினால் அந்த நிழற்பனை பக்கவாட்டில் நகர்ந்து வந்து முதற் பனையின் மேல் படியும். இரண்டும் ஒன்றாகும் கணத்தில், அந்தப் பனை நிற்கும் தூரத்துக்கு வில்லை சரியாகக் குவிந்துவிட்டது என்று பொருள். மின்கலமோ கணினிச் சில்லோ இல்லாமல், கண்ணாடித் துண்டுகளும் ஒரு நெம்புகோலும் மட்டும் சேர்ந்து இந்த அளவீட்டைச் செய்து முடிக்கின்றன.

இதன் அடிப்படை நம் முகத்திலேயே இருக்கிறது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாறி மாறிப் பார்த்தால், விரல் இடமும் வலமும் தாவுவது போலத் தோன்றும். விரல் அருகில் வர வரத் தாவலும் பெரிதாகும். ரேஞ்ச்பைண்டர் கமராவின் முகப்பிலும் இவ்வாறே இரண்டு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே கண் நேராகப் பார்க்கிறது. மற்றதன் வழியே வரும் ஒளியை ஒரு சிறு ஆடி பக்கவாட்டில் திருப்பி அனுப்ப, அரைகுறையாக வெள்ளி பூசப்பட்ட இன்னொரு கண்ணாடி அதனை நேர்க்காட்சியோடு கலந்து கண்ணுக்குத் தருகிறது. சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரம் நமக்குத் தெரிந்த அடிப்பக்கம், பனை எதிரே உள்ள உச்சி. இந்த முக்கோணத்தின் கோணம் தெரிந்தால் பனையின் தூரமும் தெரிந்துவிடும். காணி அளக்கும் நில அளவையாளர் கையாளும் முறையும் இதுவேதான்.

சாளரங்களுக்கு இடையே 6 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். மனிதக் கண்களுக்கு இடையிலான தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. பொருள் 2 மீற்றரில் இருக்கும்போது இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 1.7 பாகை, 20 மீற்றரில் 0.17 பாகை. 200 மீற்றரில் அது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய எல்லையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால், அதற்கு அப்பால் உள்ள பனங்கூடலும் மறுகரையும் முகிலும் இக்கமராவுக்கு ஒரே தூரத்திலேயே, அதாவது முடிவிலியிலேயே, இருக்கின்றன.

அளந்த கோணத்தை வில்லையோடு இணைப்பதில்தான் பொறியியலின் நுட்பம் இருக்கிறது. 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லை, முடிவிலியிலிருந்து 1 மீற்றருக்குக் குவிவதற்கு ஏறத்தாழ 2.6 மில்லிமீற்றர் மட்டுமே முன்னே நகர்கிறது. வில்லைக் குழலின் பின்விளிம்பில் சாய்ந்து கிடக்கும் ஒரு நெம்புகோல் இந்தச் சிறு நகர்வை வாங்கி ஆடியைச் சுழற்றுகிறது. ஆடி ஒரு மடங்கு திரும்பினால் அதில் பட்டுத் தெறிக்கும் கதிர் இரு மடங்கு திரும்புவதால், ஆடி சுழல வேண்டியது அந்தக் கோணத்தின் பாதி மட்டுமே. முடிவிலிக்கும் 10 மீற்றருக்கும் இடையே வில்லை நகர்வது கால் மில்லிமீற்றர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்தும் இந்தப் பொறிமுறை பிசகாமல் இயங்குவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா 1925 இல் விற்பனைக்கு வந்தபோது அதில் இந்த வசதி இருக்கவில்லை. வில்லையோடு இணைந்த தூரமானி லைக்கா II, காண்டாக்ஸ் ஆகிய கமராக்களில் 1932 இல் வந்தது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். நிழலுருவம் பக்கவாட்டில் மட்டுமே நகர்வதால், அதனைப் பொருத்திப் பார்க்கச் செங்குத்தான விளிம்பு ஒன்று வேண்டும். கடல்நீரேரியின் மறுகரைக் கோட்டின் மேல் கட்டத்தை வைத்து வளையத்தைத் திருப்பினால் எந்த மாற்றமும் தெரியாது. கோடு தன் மேலேயே வழுக்கிச் செல்லும். வயல் வரம்பும் அப்படித்தான். கமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் மட்டுமே அது விலகலைக் காட்டும். பனையோ நேராக, கரிய விளிம்போடு, வெளிர் வானத்தின் முன் நிற்கிறது. தட்டையான யாழ்ப்பாண நிலத்தில் இந்தக் கமராவுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறில்லை. மாறாக, கிடுகு வேலி அதனை ஏமாற்றிவிடும். 3 மீற்றர் தூரத்தில் உள்ள வேலியின் பின்னல் 2 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை ஒரே விதமாகத் திரும்ப வருமானால், நிழலுருவம் ஒரு பின்னல் தள்ளிப் பொருந்தினாலும் கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். வளையமோ 2¼ மீற்றரையோ 4½ மீற்றரையோ காட்டி நிற்கும். வேலியைத் தாங்கும் கதியாலில் குவிப்பதே பாதுகாப்பானது.

இக்கமராவின் சாளரம் வில்லையின் வழியே பார்ப்பதில்லை. ஆகவே அருகிலுள்ள புல்லும் தொலைவிலுள்ள கடலும் எப்போதும் ஒரே தெளிவோடு தெரியும், பிலிமில் எது மங்கும் என்பதை அது சொல்லாது. அதனை வில்லையில் பொறித்துள்ள தூர அளவுகோலில் படித்தறிய வேண்டும். மணற்காட்டு மணல்மேட்டில் முன்னே படர்ந்திருக்கும் இராவணன் மீசைப் புல்லும் பின்னே உள்ள கடலும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால், 40 மில்லிமீற்றர் வில்லையின் துவாரத்தை எப்/11 என்ற சிறிய அளவில் வைத்து ஏறத்தாழ 5 மீற்றருக்குக் குவித்தால் போதும். 2½ மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். கடலிலேயே குவிப்பவர் முன்னணியின் பாதியை வீணே இழக்கிறார்.

நிறவடிகட்டியின் விளைவும் சாளரத்தில் தெரியாது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுக்கும்போது சிவப்பு வடிகட்டி மண்ணை வெளிறச் செய்து, நீல வானத்தையும் பச்சை இலைகளையும் கருமையாக்கும். அது ஒளியில் எட்டில் ஒரு பங்கையே உள்ளே விடுவதால் அதற்கு ஈடாக எட்டு மடங்கு ஒளி கொடுக்க வேண்டும். என் விருப்பம் மஞ்சள் வடிகட்டி. முகில் எழுந்து நிற்கும், பனையோலையின் பச்சையும் சாகாது.

தனிச் சாளரத்தால் வரும் இன்னொரு விளைவு இடமாறு தோற்றம். சாளரம் வில்லைக்கு 4 சென்ரிமீற்றர் பக்கத்தில் இருந்தால், தொலைவிலுள்ள காட்சிக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் 1½ மீற்றரில் நிற்கும் ஒரு கம்பத்தின் விளிம்பை மறையும் சூரியன் தொடுவதாகச் சாளரத்தில் கண்டு படமெடுத்தால், பிலிமில் இரண்டும் 1½ பாகை விலகியிருக்கும். சூரியனின் அகலம் அரைப் பாகையே என்பதால், அது மூன்று சூரியன் அளவு விலகல். அழுத்துவதற்கு முன் சாளரம் இருக்கும் பக்கமாகக் கமராவை அந்த 4 சென்ரிமீற்றர் நகர்த்திவிட வேண்டும்.

பதிலுக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. வில்லையின் வழியாகவே காட்சியைக் காட்டும் எஸ்.எல்.ஆர் கமராவில் வில்லைக்குப் பின்னால் ஆடி மேலெழும்ப இடம் விட வேண்டும். நிக்கோன் எப் கமராவில் வில்லை பொருந்தும் விளிம்பிலிருந்து பிலிம் 46.5 மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது. லைக்கா எம் வகையில் அது 27.8 மில்லிமீற்றர் மட்டுமே. அகலக்கோண வில்லையின் பின்பகுதி பிலிமை நெருங்கி அமரலாம் என்பதால், முன்னும் பின்னும் ஒத்த அமைப்புடைய வில்லைகளைச் செய்ய முடிந்தது. இவை நேர்கோட்டை வளைப்பது மிகக் குறைவு. சட்டத்தின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ அடிவானத்தை வைக்க விரும்புபவருக்கு இதன் அருமை புரியும்.

ஒருமுறை நெடுந்தீவில் எடுத்த ஒரு முழுப் பிலிமைக் கழுவி உலர்த்தியபோது, நண்பகலில் எப்/11 இல் எடுத்த பவளக்கல் மதில்கள் கூர்மையாகவும், மாலையில் எப்/2 இல் எடுத்த குதிரைகள் மங்கலாகவும் இருந்தன. படகிலோ வழியிலோ பட்ட அதிர்ச்சியில் ஆடி இம்மியளவு விலகியிருந்தது. சிறு துவாரம் தரும் தெளிவாழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூர அளவு, நண்பகலில் அந்தப் பிழையை மூடி மறைக்க, மாலையின் பெருந்துவாரம் அதனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதன்பின் பிலிம் ஏற்றுமுன் வளையத்தை முடிவிலி அடையாளத்தில் முட்ட வைத்து, ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள நேரான விளிம்பு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். காரைநகர்ப் பக்கம் போனால் அதற்குக் கோவளம் வெளிச்சவீடு இருக்கிறது. மஞ்சள் கட்டத்துக்குள் அதன் இரு உருவங்களும் முடி அளவு பிரிந்து தெரிந்தாலும் அன்றைக்குக் கமராவை நம்புவதில்லை. பழுதுபார்ப்பவர் ஆடியின் திருகாணியைச் சரிசெய்யும் வரை, தூரத்தைக் காலடியால் அளந்து, துவாரத்தை எப்/11 க்குச் சுருக்கியே எடுக்கிறேன்.