அளவுகோலைப் படிக்காமல் அளவு வைத்தல்

பலகையில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளமான பள்ளம், எடுக்க வேண்டுமானால், டேபிள் சாவின் (மேசை நடுவிலிருந்து வட்ட ரம்பம் எட்டிப்பார்க்கும் மெஷின்) ரம்பம் மேசை மட்டத்துக்கு மேல் சரியாக 6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் எஃகு ஸ்கேலை ரம்பத்தின் அருகே நிறுத்திக் குனிந்து பார்த்து இதைச் செய்கிறார்கள். ஆனால் ஸ்கேலில் பொறித்த கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. ரம்பப் பல்லின் நுனி ஸ்கேலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறது. தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் கண்ணுக்குத் தெரியும் அளவும் ஏறி இறங்குகிறது. இப்படி வைக்கும் அளவில் கால் மில்லிமீட்டர் பிழை வருவது சாதாரணம். கதவுச் சட்டத்துக்கு அது பொருட்டில்லை; இறுகப் பொருந்த வேண்டிய மூட்டுக்கு அது மிக அதிகம்.

அளவுக் கட்டை இந்த வேலையைக் கண்ணிடமிருந்து வாங்கி விரலிடம் கொடுக்கிறது. தடிமன் திட்டமாகத் தெரிந்த ஓர் உலோகக் கட்டையை வைத்து, கருவி அதைத் தொடும் வரை நகர்த்தினால் போதும். எந்த எண்ணையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு பரப்புகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்கும்போது, நூறில் சில பங்கு மில்லிமீட்டர் மேடுகூடத் தட்டுப்படும். அந்தக் கூர்மை கண்ணுக்குக் கிடையாது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு ஸ்லிப் கேஜ் என்று அறிமுகமானது இந்தக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்துனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896இல் இதற்கான எண்ணத்தை உருவாக்கினார். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கட்டை செய்து அடுக்குவதற்குப் பதிலாக, 102 கட்டைகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்து 1 முதல் 201 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 20,000 அளவுகளைப் பெறலாம் என்பது அவருடைய கணக்கு. மளிகைக் கடைத் தராசின் படிக்கற்கள் செய்வதும் இதையேதான். அந்தக் கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றும் வேலையை அவர் தம் வீட்டில், மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்துச் செய்தார் என்பதை வீட்டுப் பட்டறைக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடே நினைத்துக்கொள்ளலாம்.

மர வேலைக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. ஸ்லிப் கேஜ் செட்டுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. 1, 2, 4, 8, 16 மில்லிமீட்டரில் ஐந்து கட்டைகள் இருந்தாலே 1 முதல் 31 வரை எல்லா முழு எண்ணும் கிடைத்துவிடும். அவற்றோடு 3, 6, 10 இருந்தால் எந்தக் குறையும் இருக்காது. மதுரையில் கோ.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள பட்டறைகளில் சர்ஃபேஸ் கிரைண்டிங் (சாணைச் சக்கரத்தால் உலோகப் பரப்பைத் தட்டையாகத் தேய்த்தல்) செய்பவரிடம் பித்தளைப் பட்டையைக் கொடுத்து, நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டருக்குள் நிற்கும்படி தேய்த்து வாங்கிக்கொள்ளலாம். இரும்பை விடுத்துப் பித்தளையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரம்பப் பல்லின் நுனியில் இருக்கும் கார்பைடு மிகவும் கடினமானது, ஆனால் அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது; கடினப்படுத்திய எஃகுக் கட்டை அதில் இடித்தால் நுனி தெறித்துவிடும். பித்தளையோ தானே கொஞ்சம் கீறுபட்டு, பல்லைக் காப்பாற்றிவிடும்.

முதலில் சொன்ன 6 மில்லிமீட்டர் காடிக்குத் திரும்புவோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ரம்பத்தின் இரு பக்கமும் மேசைமேல் 6 மில்லிமீட்டர் கட்டை ஒவ்வொன்று வைத்து, அவற்றின்மேல் நேரான ஒரு பட்டையைப் பாலம்போல் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். ரம்பத்தைப் பட்டைக்குக் கீழே நன்றாக இறக்கிவிட்டு, கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே மெல்ல மெல்ல உயர்த்தினால், ஏதோ ஒரு கட்டத்தில் உச்சியில் வரும் பல் பட்டையை லேசாக உரசும். அந்த உரசல்தான் அளவு. கூடுதலாக ஏறிவிட்டால் அப்படியே சற்றுக் கீழிறக்கி நிறுத்தக் கூடாது. முழுதாக இறக்கி மறுபடி ஏற்றியே முடிக்க வேண்டும். ரம்பத்தை ஏற்றி இறக்கும் மரைத்தண்டில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருப்பதால், இறக்கத்தில் நிறுத்திய ரம்பம் வேலையின்போது அதிர்ந்து தானாகவே கீழே உட்கார்ந்துவிடும். ரூட்டர் பிட்டின் (காடி குடையும் ரூட்டர் மெஷினில் சுழலும் வெட்டுமுனை) உயரத்துக்கும் இதே முறைதான்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த பயன், பிளைவுட்டுக்குக் காடி எடுப்பது. 18 மில்லிமீட்டர் என்று முத்திரை குத்திய பலகையை வெர்னியர் அளவியில் பிடித்தால் 17.5 என்றோ 17.6 என்றோ நிற்பது வழக்கம். 18க்குக் காடி எடுத்தால் அதில் செருகும் தட்டு ஆடும். ஆகவே அந்தப் பலகையையே அளவுக் கட்டையாக்கிவிடுவது நல்லது. மரத்தை ஒட்டி நகர்த்துவதற்கென்று மேசைமேல் இருக்கும் வழிகாட்டிச் சட்டம்தான் ஃபென்ஸ். அதற்கு ரம்பம் இல்லாத பக்கத்தில், மேசையோடு ஒரு மரக்கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கித் தடுப்பாக வைக்கவும். தடுப்புக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே அதே பிளைவுட்டின் ஒரு துண்டைச் செருகி, ஃபென்ஸை அதோடு ஒட்டி இறுக்கி, முதல் வெட்டை வெட்டவும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, ரம்பம் ஒரு முறை தின்னும் அகலத்துக்குச் சமமான கட்டையை அந்த இடத்தில் வைத்து, ஃபென்ஸை அதோடு ஒட்டி இறுக்கி இரண்டாவது வெட்டை வெட்டவும்.

இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் ஃபென்ஸ் நகர்ந்த தூரம், பலகையின் தடிமனிலிருந்து ரம்ப அகலத்தைக் கழித்த மீதி. பலகை 17.6, ரம்பம் 3.2 என்றால் 14.4. காடியின் மொத்த அகலமோ இந்த நகர்வோடு ஒரு ரம்ப அகலத்தைக் கூட்டியது, 14.4உம் 3.2உம் சேர்ந்து மறுபடி 17.6 ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பட்டறையில் யாரும் போட வேண்டியதில்லை, ஏனென்றால் கட்டைகளே கழித்துக் கூட்டிவிடுகின்றன. பலகையின் தடிமன் என்ன என்று தெரியாமலேயே காடி பொருந்திவிடுவதுதான் இதன் அழகு. 3.2 மில்லிமீட்டர் கட்டைக்கு எங்கே போவது என்றால், 3 மில்லிமீட்டர் கட்டையோடு 0.2 மில்லிமீட்டர் பீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள்) தகட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். பசை தடவியபின் இறங்க இடம் வேண்டுமானால், முதல் வெட்டின்போது பிளைவுட் துண்டோடு சாதாரண ஏ4 தாள் ஒன்றைச் சேர்த்து வைத்தால், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அகலம் கூடும். இரண்டு வெட்டுக்கும் நடுவில் மிஞ்சியதை வழக்கம்போல் அடுத்தடுத்த வெட்டுகளில் எடுத்துவிடலாம்.

மற்றப் பயன்கள் எளியவை. ஃபென்ஸ் ரம்பத்துக்கு இணையாக இருக்கிறதா என்று, ஒரே பல்லை முன்னும் பின்னும் சுற்றி, ஒரே கட்டையைச் செருகிப் பார்க்கலாம். ட்ரில்லிங் மெஷினில் ஆழத் தடுப்பு வைக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று அங்குலப் பக்கங்கள் கொண்ட எஃகுக் கட்டைகள் மூலைமட்டமாகவும் உதவும். பெட்டியின் மூலையைப் பசை காயும்வரை செங்கோணத்தில் பிடித்து வைக்கும். கோணம் வேண்டுமானால், 100 மில்லிமீட்டர் சைன் பாரின் (இரு முனையிலும் உருளை பொருத்திய எஃகுப் பட்டை; உருளைகளின் மையங்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர்) ஒரு முனைக்கடியில் 50 மில்லிமீட்டர் அடுக்கினால் அது 30 பாகையில் சாய்ந்து நிற்கும்.

வாங்கிய கட்டைகள் சரிதானா என்பதையும் கட்டைகளைக் கொண்டே அறியலாம். 4உம் 6உம் அடுக்கி, பக்கத்தில் 10ஐ வைத்து, இரண்டின் தலையையும் ஒரு சேர விரலால் தடவினால் குட்டு வெளிப்படும். இதற்கு அடியில் தட்டையான தளம் தேவை. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பலகைத் துண்டு மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் சமையல் மேடைக்கு மெருகேற்றியது பளபளக்குமே தவிர, தட்டையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 12 மில்லிமீட்டர் ஃப்ளோட் கண்ணாடி அதைவிட நம்பகமானது. வியர்வைக் கை பட்ட எஃகுக் கட்டை ஐப்பசி ஈரத்தில் துருப்பிடிக்கும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்கு ஏறும்.

அளவுக் கட்டைகளின் நீளம் 20 பாகை செல்சியஸுக்கென்று வரையறுக்கப்பட்டது. கத்திரி வெயிலில் மாடித் தகரக் கொட்டகைக்குள் 40 பாகை இருக்கும்போது 100 மில்லிமீட்டர் எஃகு 0.023 மில்லிமீட்டர் நீளும். பித்தளை அதைவிடச் சற்றுக் கூடுதலாக நீளும். மரவேலையில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. கணக்கில் எடுக்க வேண்டியது மரம் குடிக்கும் ஈரம். தட்டையாக அறுத்த (ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு ஏறத்தாழ இணையாக ஓடும்) 300 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறினால், அகலம் ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் கூடும். ஆகவே சித்திரையில் செய்யும் கதவுப் பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போது, காடியின் அடிக்கும் பலகையின் ஓரத்துக்கும் நடுவே இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் கட்டையை வைத்து இடைவெளி விட்டு, பசை தடவாமல் நிறுத்திவிட்டுக் கட்டையை உருவிக்கொள்ள வேண்டும்.