பனியன் துணியில் கத்தரி வைக்கும் முன்

மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பழைய டி-ஷர்ட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இதுல ஏதாவது தைச்சுக் குடுங்களேன்" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஏதோ வீடியோ பார்த்து வீட்டிலேயே வெட்டி, பாதியில் கெட்டுப்போனதைத் தூக்கி வருபவர்களும் நிறைய. துணி என்ன ரகம் என்று பார்க்காமல் கத்தரியை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் பருத்தியா, பாலியஸ்டரா என்று பாருங்கள். உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் நடந்தால் கலப்பு. கபடிப் போட்டி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று இலவசமாக வரும் வழவழ டி-ஷர்ட்டுகள் அநேகமாகப் பாலியஸ்டர்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைக் குழந்தைக்குத் தைத்துப் போடாதீர்கள், வியர்வையை உறிஞ்சாது.

அடுத்தது நெசவு. வேட்டி, சட்டைத் துணி எல்லாம் பாவும் ஊடுமாகத் தறியில் நெய்தவை. டி-ஷர்ட் பின்னல் துணி. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்து வருவதால் இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும், ஒரு கண்ணி அறுந்தால் கீழ்வரைக்கும் பிரிந்துகொண்டே போகும். வீட்டுக் கால் மிஷினில் இருப்பது பெரும்பாலும் நேர்த்தையல் மட்டும். அதில் தைத்ததைத் தலைவழியே மாட்டினால் துணி நீளும், தையல் நீளாது, படபடவென்று விட்டுவிடும். திருப்பூரில் இதற்கென்றே ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்கள் ஓடுகின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். 11-ஆம் நம்பர் பால்பாயிண்ட் ஊசி வாங்கி மாட்டுங்கள். கூர் ஊசி கண்ணியை அறுக்கும், இதன் உருண்டை முனை கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். உங்கள் மிஷினில் ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், இருந்தால் குறுகலாக வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி, பாலியஸ்டர் நூலில் நேர்த்தையல் போடுங்கள்.

சரி, என்ன தைக்கலாம்? என்னைக் கேட்டால் முதல் இடம் குழந்தை கவுனுக்குத்தான். அப்பாவின் எக்ஸ்எல் டி-ஷர்ட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக வரும். கவுனின் அடி ஓரம் டி-ஷர்ட்டின் அடி மடிப்பிலேயே விழும்படி அளவை வையுங்கள். கம்பெனி போட்ட மடிப்புத் தையல் அப்படியே கிடைக்கும், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அதிகம் நீளும் திசை உடம்பைச் சுற்றி வர வேண்டும், மேலும் கீழுமாக வரக் கூடாது. கழுத்தைச் சிறிதாகவே வெட்டுங்கள், போடப் போட நீளும். கழுத்துச் சுற்று 16 அங்குலம் என்றால் பட்டி 14 அங்குலம் போதும். பட்டியை இழுத்துக்கொண்டே தைத்தால்தான் கழுத்து படிந்து உட்காரும். நெஞ்சில் இருக்கும் ரப்பர் பிரிண்ட் பெரும்பாலும் பிளாஸ்டிக் பசை. கைக்குழந்தைத் துணியில் அந்தப் பகுதியே வேண்டாம். அதன் மேல் நேராக இஸ்திரியும் வைக்காதீர்கள்.

எல்லோரும் முதலில் தைக்க ஆசைப்படுவது பை. கையையும் கழுத்தையும் வெட்டி, அடியைத் தைத்தால் பை ஆகிவிடும் என்கிறார்கள். ஆகும். இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் முழங்கால்வரை தொங்கும்! உள்ளே பழைய வேட்டித் துணியில் ஒரு லைனிங் கொடுங்கள். நெய்த துணி நீளாது, பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். டெல்டாவில் பழைய வேட்டி இல்லாத வீடு ஏது?

அக்குளுக்குக் கீழே இருக்கும் உடம்புப் பகுதியைச் சுற்றிச் சுற்றி ஓர் அங்குல நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரம் உள்ளே சுருண்டு தடித்த நூலாகிவிடும். அதில் கால்மிதி பின்னலாம். பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட்டாகத் தேர்ந்தெடுங்கள், நாடா தையலில் விடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் அந்த மிதியை எடுத்து வைத்துவிடுங்கள். காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

பெரியவர்களுக்கு ஃபேஷன் டாப் தைப்பதை நான் அவ்வளவாக ஊக்குவிப்பதில்லை. நைந்த துணிக்குக் கொடுக்கும் கூலியில் புதிதே வாங்கிவிடலாம்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலக இயற்கை நிதியம் சொல்லும் கணக்கு. ஜூன் 12 எப்போது வரும், மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்துக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் அதே தண்ணீர் கடைமடைக்கு வரும்போது மதகில் என்ன மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள், தூக்கி எறிந்த பழந்துணிதான். பாலியஸ்டர் மக்காது. கொளுத்தினாலும் கரும்புகைதான். தானமாகக் கொடுத்துவிடலாம் என்றால், 2004 சுனாமிக்குப் பிறகு நாகைப் பக்கம் யாரும் தொடாமல் சாலையோரம் குவிந்து கிடந்த பழந்துணி மூட்டைகள் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். வாங்குபவர் உடுத்தக்கூடிய துணியை மட்டும் துவைத்துக் கொடுங்கள்.

வெட்டியது போக மிஞ்சும் பருத்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். 'பனியன் வேஸ்ட்' என்று காசு கொடுத்தே வாங்குகிறார்கள். அதில் பாலியஸ்டரைக் கலந்துவிடாதீர்கள், சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் துணியைத் தையல் மிஷினுக்கோ மிக்ஸிக்கோ உறையாகத் தைத்துக்கொள்ளலாம்.