கிருபை: வம்சவரலாற்றில் மை பூசிய வரிக்கும் உரிய சொல்

குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, எந்தக் கிறிஸ்தவ வீட்டுத் திண்ணையில் ஏறி நலம் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “கர்த்தருக்க கிருபையில சுகமா இருக்கோம் மக்களே.” கல்யாணக் கார்டின் முதல் வரியில் கிருபை. புது வீட்டுப் பிரதிஷ்டை அழைப்பிதழிலும் கிருபை. மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் அதுவும் கிருபை. இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், எல்லாமே நல்லபடி நடந்த காரியங்கள்.

அதே வீட்டில் பழைய குடும்ப வேதாகமம் ஒன்று இருக்கும். அட்டைக்குள் வெற்றுத் தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் மரணமும் தேதியோடு எழுதியிருக்கும். அதில் ஒரு பெயர்மேல் மட்டும் பேனா குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும். பாட்டாவின் இரண்டாம் தாரமாகவோ, ஓடிப்போன அத்தையாகவோ, குடித்து அழிந்த சித்தப்பாவாகவோ இருக்கலாம். அந்த வரியைக் காட்டி யாரும் கிருபை என்று சொல்வதில்லை. வேதத்தில் இந்தச் சொல் புழங்கும் இடமோ பெரும்பாலும் அப்படிப்பட்ட வரிதான். இந்த விளக்கம் அதைப் பற்றியது.

சொல் வந்த வழி

கிருபை வடசொல். மூலம் ‘க்ருபா’. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது என்பதால் இடையில் இகரம் புகுந்தது. ஈற்று ஆகாரம் ஐகாரமானது. சபா சபையானதும் பிக்ஷா பிச்சையானதும் இதே வழியில்தான். க்ருபாவின் வேர் இரங்கிப் புலம்புவதைக் குறிப்பது. பரிதாபத்துக்குரியவன் என்று பொருள்படும் ‘க்ருபண’ அதே வேரின் இன்னொரு கிளை. ஆக, வேரிலேயே இது வெற்றியைப் பார்த்துச் சொல்லும் சொல் அல்ல, நொந்துபோனவனைப் பார்த்துச் சொல்லும் சொல்.

மலையாள வேதாகமத்திலும் இதே இடங்களில் ‘கிருப’ என்றே இருக்கிறது. விளவங்கோட்டில் பெண் எடுத்துப் பாறசாலையில் கொடுக்கும் குடும்பங்களுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே சொல் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கத்தோலிக்கர் வழக்கு வேறு. பழைய செபங்களில் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்றிருந்தது. கடற்கரை ஊர்களில் மூத்தவர்கள் சொன்ன மங்கள வார்த்தை செபம் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று தொடங்கும். பிரிய + தத்தம், அதாவது பிரியத்தோடு கொடுக்கப்பட்டது. வாயில் நுழையக் கடினமான சொல்தான். ஆனால் பொருளில் இதைவிடத் துல்லியமானது எளிதில் அகப்படாது. இன்று அது “அருள் நிறைந்த மரியே” ஆகிவிட்டது. அதே வசனம் பழைய புராட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் “கிருபை பெற்றவளே” (லூக்கா 1:28). ஒரே கிரேக்கச் சொல் ஒரே மாவட்டத்தில் மூன்று வேடம் போட்டிருக்கிறது.

மூலத்தில் மூன்று சொற்கள்

நாம் கிருபை என்று ஒன்றாகச் சொல்லுவது மூலமொழிகளில் மூன்று.

எபிரேயத்தில் ‘ஹேன்’: மேலிருப்பவர் கண்ணில் கீழிருப்பவருக்குக் கிடைக்கும் தயவு. “நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது” (ஆதியாகமம் 6:8) என்பதில் இருப்பது இதுதான்.

எபிரேயத்திலேயே ‘ஹெசெத்’: உறவில், உடன்படிக்கையில் இருப்பவரைக் கைவிடாமல் பற்றிக்கொள்ளும் மாறாத அன்பு. சங்கீதம் 136-ல் 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வரும் “அவர் கிருபை என்றுமுள்ளது” இந்தச் சொல்தான். 1995-ல் வந்த திருவிவிலியம் இதைப் ‘பேரன்பு’ என்கிறது.

கிரேக்கத்தில் ‘காரிஸ்’: விலையில்லாக் கொடை, அதைக் கொடுக்கும் மனம், பெற்றவர் சொல்லும் நன்றி மூன்றையும் தாங்கும் சொல். நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லுக்குள்ளும் இந்தக் காரிஸ் உட்கார்ந்திருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஹெசெத் எல்லா இடத்திலும் கிருபை ஆவதில்லை. ரூத் 1:8-ல் அது ‘தயை’. அதே புத்தகத்தில் 3:10-ல் ‘நற்குணம்’. இரண்டும் ஒரே சொல் என்று தமிழில் தெரியாது. நேர்மாறாக, ‘கிருபாசனம்’ என்று யாத்திராகமம் 25:17-ல் வருவது இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமுமான பொன் மூடி. அங்கே எபிரேயத்தில் இருப்பது பாவநிவர்த்தியைக் குறிக்கும் சொல், ஹேனும் அல்ல, ஹெசெத்தும் அல்ல. எபிரெயர் 4:16-ல் வரும் கிருபாசனத்தில்தான் காரிஸ் இருக்கிறது. வேதபாடம் எடுப்பவர்கள் ஒத்தவாக்கிய அகராதியில் ‘கிருபை’யைத் தேடிப் பட்டியல் போட்டால் பாதி தப்பும், பாதி தவறாகச் சேரும். மூலச்சொல்லின்படி தேடுவதே சரி.

மத்தேயு எதை வெட்டினார், எதை விட்டார்

புதிய ஏற்பாடு ஒரு குடும்பப் பதிவேட்டோடு தொடங்குகிறது. பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு. அந்தக் கணக்கு சரியாக வர மத்தேயு சில பெயர்களை விட்டிருக்கிறார். 1:8-ல் “யோராம் உசியாவைப் பெற்றான்” என்று போகிறது. நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் காணோம். ராஜாக்களையே வெட்டத் துணிந்தவர், அவசியமே இல்லாத நான்கு பெண்களை உள்ளே வைத்திருக்கிறார்: தாமார், ராகாப், ரூத், “உரியாவின் மனைவியாயிருந்தவள்”.

பிரசங்கங்களில் இந்த நால்வரையும் ‘பாவிகளான பெண்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது தவறு, அநியாயமும் கூட. ரூத் செய்த பாவம் எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அவள் மோவாபியப் பெண், அவ்வளவுதான். நான்காவது பெண்ணான பத்சேபாளின் பெயரை எழுதாமல் உரியாவின் பெயரை எழுதியது, தாவீது ராஜா கொன்ற மனிதனை வாசகர் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று படவேண்டும். விரல் நீள்வது ராஜாவின் பக்கம்.

தாமார் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் (ஆதியாகமம் 38). தாமாரின் கணவனான யூதாவின் மூத்த மகன் சாகிறான், அடுத்து அவளைக் கட்டிய இரண்டாமவனும் சாகிறான். மூன்றாமவனைக் கட்டிக்கொடுப்பதாகச் சொல்லி மருமகளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமனார் சொன்ன சொல்லை மறக்கிறார். அவள் முகத்தை மூடி வழியில் உட்காருகிறாள். யாரென்று அறியாமல், வேசி என்று எண்ணி அவர் கொடுத்த அடமானம் மூன்று: முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல். மூன்று மாதம் சென்று, அவள் கர்ப்பமென்று கேட்டு அவளைச் சுட்டெரிக்கச் சொன்ன அதே யூதாவின் முன் அந்த மூன்றும் வந்து விழுகின்றன. “என்னிலும் அவள் நீதியுள்ளவள்” என்கிறார். தம்பி யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்க யோசனை சொன்ன மனிதர், பல வருஷம் கழித்து, பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று எகிப்தில் முன்வருகிறார் (44:33). இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த மூன்று பொருள்கள் வந்து விழுந்த நாள். கிருபை என்ற சொல் அந்த அதிகாரத்தில் இல்லை. காரியம் இருக்கிறது.

சரியான தமிழ்: அருள்

காரிஸுக்குத் தமிழில் நேரான சொல் அருள். இதைத் தனித்தமிழ் ஆர்வத்தால் மட்டும் சொல்லவில்லை. அன்புக்கும் அருளுக்கும் தமிழ் வைத்திருக்கும் வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. திருக்குறளின் அன்புடைமைக்கு உரை சொல்லும் பரிமேலழகர், மனைவி மக்கள் முதலிய தொடர்புடையவர்மேல் வைக்கும் காதல் என்கிறார். அருளுடைமைக்கு வரும்போது, “தொடர்பு பற்றாது” எல்லா உயிர்மேலும் செல்லும் கருணை என்கிறார். 757-ம் குறள் இந்த இரண்டையும் குடும்பமாகவே இணைக்கிறது: “அருளென்னும் அன்பீன் குழவி”. அன்பு பெற்ற பிள்ளை அருள்.

ரூத், தான் கதிர் பொறுக்கிய வயலின் சொந்தக்காரரான போவாசிடம் கேட்டதும் இதைத்தான்: நான் அந்நியதேசத்தாளாயிருக்க, எதினாலே உம்முடைய கண்களில் தயை கிடைத்தது? தொடர்பு இல்லாத இடத்தில் வந்தது.

ஆகவே ஹெசெத்துக்குப் பேரன்பு, காரிஸுக்கு அருள், ஹேனுக்குத் தயை அல்லது அருட்பார்வை என்று பிரித்து எழுதினால் மூன்றும் கலங்காது. ‘கருணை’ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதுவும் வடசொல், போதாததற்குக் ‘கருணை மதிப்பெண்’ அதன் பொருளைத் திருப்பிவிட்டது. 33 வாங்கிய பிள்ளைக்கு 2 போட்டு 35 ஆக்குவது கருணை மதிப்பெண். நம் உழைப்பு முக்கால், தேவன் போட்ட மிச்சம் கால் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. “கிருபையினாலே உண்டாயிருந்தால் கிரியைகளினாலே உண்டாயிராது” என்று ரோமர் 11:6 மறுப்பது அந்தக் கணக்கைத்தான்.

அருள் என்றால் சாமி வந்து ஆடுவது நினைவுக்கு வருகிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. நம் ஊர்க் கொடைவிழாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பு. ஆனால் யோவான் 3:16-ஐப் பழைய மொழிபெயர்ப்பிலேயே மனப்பாடமாகச் சொல்லிப் பாருங்கள்: “அவரைத் தந்தருளி”. ஓய்வுநாள் பள்ளியில் முதலில் படித்த வசனத்திலேயே அருள் இருக்கிறது, அதுவும் வினையாக. கிருபைக்கு இந்த வசதி இல்லை. கிருபை செய், கிருபை கூர் என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைத்தாக வேண்டும். அருளோ தானே நடக்கும்: அருளினார், அருளுகிறார், அருள்வார்.

இத்தனை சொன்னாலும், பாட்டியின் வாயிலிருக்கும் கிருபையைப் பிடுங்க வேண்டியதில்லை. செபத்தில் பழகிய சொல் செபத்தில் இருக்கட்டும். எழுதும்போதும் கற்பிக்கும்போதும் பொருள் தெரிந்து எழுதினால் போதும்.

பிழையாகும் இடங்கள்

குடும்ப சங்கமத்துக்கு வரலாற்று மலர் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அங்கேதான் இந்தச் சொல் அதிகம் அடிபடுகிறது.

முதலாவது, சொத்து. “கர்த்தரின் கிருபையால் நிலபுலன்கள் பெருகின” என்று எழுதுமுன் பத்திரங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். 1916-ம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத்தான் கொடுத்தது. 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது 1986-ல். சகோதரி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன நிலமாக இருந்தால், அங்கே எழுத வேண்டிய சொல் கிருபை அல்ல. சகேயு வீட்டுக்கு இரட்சிப்பு வந்த அன்று அவன் பேசியது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்பச் செலுத்துவதைப் பற்றி (லூக்கா 19:8).

இரண்டாவது, ‘பரம்பரைச் சாபம்’. தாத்தா செய்தது பேரனைப் பிடித்திருக்கிறது, முறிக்க வேண்டும் என்ற போதனைக்கு யாத்திராகமம் 20:5 சொல்லப்படுகிறது. மூன்றாம் நான்காம் தலைமுறை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறை என்கிறது, அங்கே ‘இரக்கம்’ என்று வருவது ஹெசெத். எசேக்கியேல் 18:20-ம் மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று தெளிவாக மறுக்கிறது. பழக்கம் தொடரலாம், ஈசாக்கு வீட்டில் பிள்ளைகளுக்குள் பாரபட்சம், யாக்கோபு வீட்டிலும் அதே பாரபட்சம். அது கண்டு திருத்த வேண்டிய பழக்கம், காசு கொடுத்து முறிக்க வேண்டிய கட்டு அல்ல.

மூன்றாவது, மிகக் கொடியது: அடிவாங்கும் பெண்ணிடம் “கிருபையா பொறுத்துக்கோ பிள்ளே” என்பது. தாவீதின் பாவம் நீக்கப்பட்டது என்று சொன்ன நாத்தான் தீர்க்கதரிசியே, அதே மூச்சில் பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னார் (2 சாமுவேல் 12). மன்னிப்பு விளைவை அழிப்பதில்லை, ஆபத்தில் இருப்பவரை அங்கேயே இருக்கச் சொல்வதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பத்திரமான இடம். 181 பெண்கள் உதவி எண், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இரண்டையும் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது சபையாரின் வேலை.

இனி, வேதாகமத்தின் முதல் தாளில் மை பூசிய அந்த வரி. மலரில் சேர்ப்பதானால் பெயர், பிறந்த ஆண்டு, பெற்றோர், துணை, பிள்ளைகள் என்று மற்றவர்களுக்கு எழுதிய அதே அளவில் எழுதுங்கள். அடைமொழி வேண்டாம், சமாதானமும் வேண்டாம். உயிரோடிருக்கும் பிள்ளைகளிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் பெயரை மட்டும் வைத்து மற்றதை விடுங்கள். மத்தேயுவின் வாக்கியமும் அவ்வளவுதான்: “யூதா பாரேசையும் சாராவையும் தாமாரினிடத்தில் பெற்றான்.” ஒரே வரி. பெத்லகேம் ஊர்வாசலில் போவாஸ்–ரூத் கல்யாணத்துக்கு மூப்பர்கள் ஆசி சொன்னபோது எடுத்த பெயரும் அதுதான்: உன் வீடு, தாமார் யூதாவுக்குப் பெற்ற பேரேசின் (மத்தேயுவில் பாரேஸ்) வீட்டைப்போல ஆகக்கடவது (ரூத் 4:12).