கையில் ஏறிய முள், கரையில் துள்ளும் மீன்

ஒரு ஞாயிறு மாலை, வலது உள்ளங்கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். துண்டைப் பிரித்தேன். மும்முனைத் தூண்டில் முள் ஒன்று கட்டைவிரலின் அடிச்சதையில் வளைவு வரை இறங்கியிருந்தது. அதில் பிளாஸ்டிக் மீன் பொம்மை தொங்கியது. பொம்மையின் மறுமுனை முள்ளில் நிஜ மீனின் தாடைத் துண்டு.

ஏரிக்குத் தனியாகப் போயிருக்கிறார். ஏழு கிலோ இருக்கும் வாளை. படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடத்தான் நினைத்தாராம். மேட்டில் இழுத்துப் போட்டு முள்ளை எடுக்கக் கை நீட்டியதும் மீன் துள்ளியது. ஒரு முள் அதன் வாயில், இன்னொன்று இவர் கையில். அது துடிக்கத் துடிக்க இங்கே ஆழம் கூடியது. குறடு வண்டிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது! ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மாதான் அரிவாளால் மீனின் தாடையை அறுத்து இவரை விடுவித்து, மீனைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்.

இப்படி வருகிறவர்களிடம் எங்கே வைத்து முள்ளை எடுத்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மேடு, பாறை, படகின் தளம். தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. தரையில் அது முழு பலத்தோடு உதறும். ஆகவே தனியாள் என்றால் அகலமான கைவலையில் மீனை வாங்கி, வலையைக் கரையோரத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நீண்ட மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். குறடு இடுப்பில் தொங்க வேண்டும். மீனுக்காக ஆழத்தில் இறங்காதீர்கள். ஒகேனக்கல் பக்கம் முதலையும் உண்டு.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள். எதிர்முள் இல்லாத முள் வந்த வழியே வந்துவிடும். இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, சில சமயம் நுனியை மறுபக்கம் தள்ளி வெளியே கொண்டுவந்து வெட்ட வேண்டியிருக்கும். அப்படி ஏறிவிட்டால் நீங்களாகப் பிடுங்காதீர்கள். தூண்டில் கயிற்றை அறுத்து, முள் அசையாமல் கட்டிக்கொண்டு வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் எதையும் தொடக் கூடாது. காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கெளுத்தி குத்தினால் கதை வேறு. அந்த முள்ளில் விஷம் உண்டு. சுமார் 45 டிகிரி வெந்நீரில், மற்றக் கையால் சூடு பார்த்துவிட்டு, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வலி இறங்கும். எந்தக் காயமானாலும் டெட்டனஸ் தடுப்பூசி நிலவரம் பார்க்க வேண்டும். ஏரித் தண்ணீரில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வாழ்கிறது. சர்க்கரை நோயாளிகள் சிவப்பு பரவும் வரை காத்திருக்க வேண்டாம்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பைத் துடைத்தெடுத்துவிடும், அதுதான் அதற்குத் தோல்காப்பு. செவுளில் விரல் விடாதீர்கள். படத்துக்காகத் தூக்கினால் உங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு முட்டும்போது அதற்கு எப்போதோ முட்டியிருக்கும். வயிற்றைத் தாங்கி, நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்தால் தானாக உதைத்துக்கொண்டு போகும். காவிரியின் ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் 2018 முதல் மிக அபாயகரமான நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அது சிக்கினால் தூக்கவே தூக்காதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் விதிவிலக்கு. அதை வளர்ப்பதற்கே இங்கே தடை. ஏரிக்குள் திருப்பி விடுவது புண்ணியமாகாது.

அந்த மனிதர் மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்தார். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த வாளை பிழைத்திருக்குமா டாக்டர்?" என்றார். தாடை போன மீன் எப்படி இரை பிடிக்கும்? அதைச் சொல்லாமல், கட்டு நனையக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.