அப்பா இறங்கினால் மகள் ஏன் பறக்கிறாள்?

ட்ராம்போலின் (சுற்றிலும் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய, குதித்து விளையாடும் விரிப்பு) பார்க்குகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி: 60 கிலோ அப்பாவும் 20 கிலோ மகளும் ஒரே விரிப்பில் குதிப்பார்கள். அப்பா தொம்மென்று இறங்கியதும் மகள் எங்கேயோ பறப்பாள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

கணக்குப் போட்டால் சிரிப்பு வராது. அரை மீட்டர் உயரத்திலிருந்து அப்பா விழும்போது ஏறக்குறைய 300 ஜூல் ஆற்றல் ஸ்பிரிங்குகளுக்குள் போகிறது. அது யார் காலுக்குத் திரும்புகிறது என்று ஸ்பிரிங் பார்ப்பதில்லை. மொத்தமும் மகளுக்கே போனால் அவள் ஒன்றரை மீட்டர் எழும்புவாள். மொத்தமும் போகாது, சரி. பாதி போனாலே அவள் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். இதைவிட மோசம், அவள் இறங்குகிற நேரத்தில் விரிப்பு மேலே ஏறி வருவது. மெத்தென்ற விரிப்பு அப்போது கட்டாந்தரை மாதிரி மோதும். சின்னக் குழந்தைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ட்ராம்போலின் காயங்களில் சுமார் முக்கால் பங்கு, பலர் சேர்ந்து குதிக்கும்போது நடப்பவை என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2012 அறிக்கை. அதனால்தான் 'ஒரு விரிப்பு, ஒரு ஆள்' என்ற விதி. (1930களில் இன்றைய ட்ராம்போலினை உருவாக்கிய ஜார்ஜ் நிஸ்ஸன், பிற்பாடு விளம்பரத்துக்காக ஒரு கங்காருவோடு சேர்ந்து குதித்தார். அது வேறு கதை!)

அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான காயங்கள் பெரியவர்கள் அருகில் இருக்கும்போதே நடந்தவை. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் கற்றுக்கொடுப்பதும் ஒன்றல்ல.

நல்ல பயிற்சியாளர் முதலில் சொல்லித்தருவது குதிக்க அல்ல, நிற்க. விரிப்பில் கால் பட்டதும் முழங்காலை நன்றாக மடக்கினால், மேலே தள்ளும் ஆற்றலைத் தொடைத் தசைகள் வாங்கிக்கொள்ளும். துள்ளல் அந்த இடத்திலேயே செத்துவிடும். கட்டுப்பாடு தவறுவதாகத் தோன்றினால் உடனே இதைச் செய்யப் பழக்குவார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து விழுவது. அதில் கை இடுப்புக்குப் பக்கத்தில், விரல்கள் பாதத்தைப் பார்த்து இருக்க வேண்டும். விரல் பின்னால் திரும்பியிருந்தால் முழங்கை பூட்டிக்கொண்டு அடி வாங்கும்.

குட்டிக்கரணம் கடைசியில். எவ்வளவு சுழற்சி என்பது விரிப்பை விட்டுக் கால் எழும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. காற்றில் அதைக் கூட்டப் பிடிமானம் ஏதும் இல்லை. உடம்பைச் சுருட்டினால் வேகமாகச் சுற்றும், நீட்டினால் மந்தமாகும். புதியவர் பாதிச் சுற்றில் பயந்து உடம்பை நீட்டிவிடுவார். சுற்று முடியாமல் கழுத்து கீழே வரும். அதற்காகத்தான் இடுப்பில் பெல்ட்டும் மேலே கப்பி வழியாக ஓடும் கயிறும். கயிற்றின் மறுமுனை பயிற்சியாளர் கையில். நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிவதற்குள் அவர் இழுத்திருப்பார்.