வெள்ளையானால் செத்துவிட்டதா?

பவளத்தைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அது கல்லா, செடியா?" சிரிக்க வேண்டியதில்லை. 1720-களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் பவளம் ஒரு விலங்கு என்று சொன்னபோது, பாரிஸ் அறிவியல் கழகத்துப் பெரியவர்களே நம்பவில்லை. அவர்களுக்கு அது பூக்கும் செடி. வெளிறிப்போன பவளத்தின் படத்தைக் காட்டியதும் இரண்டாவது கேள்வி வரும்: "செத்துப்போச்சா?" எனக்கு இந்தக் கேள்விதான் பிடிக்கும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. துப்புத் துலக்கித்தான் ஆக வேண்டும்.

பவளத்தின் உயிருள்ள பகுதிக்குப் பாலிப் என்று பெயர். பல இனங்களில் அது சில மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சின்னப் பை, அதன் மேல் ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். சாப்பிடுவதும் கழிவை வெளியேற்றுவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் (இதைச் சொன்னால் வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும்). சொறிமீனுக்கும் கடல் அனிமோனுக்கும் இது சொந்தக்காரன். இரவில் உணர்கொம்புகளை நீட்டி, கொட்டும் செல்களால் நுண்ணிய மிதவை உயிர்களைப் பிடிக்கும். தனக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து கிண்ணம்போல ஒரு வீடு கட்டிக்கொள்ளும். பழைய வீட்டின் மேல் புது வீடு, அதன் மேல் இன்னொன்று. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. கிளைவிடும் வகைகளில் சில 10 சென்டிமீட்டர் வரை போகும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் 2,300 கிலோமீட்டர் நீளும் பெருந்தடுப்புப் பவளத்திட்டு இந்த வேகத்தில் கட்டப்பட்டதுதான்.

பிடித்துத் தின்பது மட்டும் இதற்குப் போதாது. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் உணவு குறைவு. அதனால் பாலிப்பின் செல்களுக்குள்ளேயே ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார்: கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. வெயிலை வைத்து ஒளிச்சேர்க்கை செய்து, அது தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். பல பவளங்களின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இந்த வாடகையிலிருந்தே வருகிறது. பதிலுக்குப் பாசிக்குக் கிடைப்பது பாதுகாப்பான இடமும், பாலிப்பின் கழிவில் உள்ள நைட்ரஜனும். பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் பாசியின் நிறங்கள்தான். பாலிப்பின் உடல் கண்ணாடி போன்றது.

கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் இந்தக் குடித்தனம் குலைகிறது. சூட்டிலும் கடும் வெளிச்சத்திலும் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வகைகளை உமிழத் தொடங்கும். சோறு போட்டவரே விஷம் வைத்த கதை. பாலிப் வேறு வழியின்றிப் பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் போய்விட, கண்ணாடி உடல் வழியாக அடியில் இருக்கும் சுண்ணாம்பு எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம்.

ஆக, வெள்ளைப் பவளம் பெரும்பாலும் பட்டினி கிடக்கும் பவளம். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பக் குடியேறும், நிறமும் மெல்ல வரும். குளிராவிட்டால் பாலிப் இறக்கும். இறந்த எலும்புக்கூடு வெள்ளையாகவே நெடுநாள் இருப்பதில்லை. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இழைப்பாசி படர்ந்து, பச்சையும் பழுப்புமாக நூல் நூலாகப் போர்த்திவிடும். அனுபவமில்லாத கண்ணுக்கு இது உயிருள்ள பவளம் போலவே தெரியும். வெள்ளையைப் பார்த்து அழுபவர், செத்ததைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடும்!

இதனால்தான் கண்ணால் பார்த்துச் சொல்வதை விட்டு, அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையாளக்கூடிய அருமையான கருவி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டத்தின் நிற அட்டை அது. அட்டையின் ஓரங்களில் நிறச் சதுரங்கள், ஒவ்வொரு நிறத்திலும் 1 முதல் 6 வரை அடர்த்தி. 1 என்றால் மிக வெளிர், 6 என்றால் மிக அடர். பவளத்தைத் தொடாமல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து, அதன் மிக வெளிர்ந்த இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் எண் குறிக்க வேண்டும். அதே பவளத்தில் பிறகு இரண்டு எண் இறங்கியிருந்தால் பாசி குறைந்திருக்கிறது என்று பொருள். கிளைப் பவளத்தின் நுனியை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. அது வேகமாக வளரும் இடம், பாசி இன்னும் வந்து சேராததால் இயல்பிலேயே வெள்ளையாக இருக்கும்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து நிறம் சொல்லலாமே என்று கேட்கலாம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். அதனால் படத்தில் எல்லாமே நீலம் பூத்துத் தெரியும், கேமராவும் தன் பங்குக்குத் திருத்தம் செய்யும். அட்டையும் அதே நீரில், அதே வெளிச்சத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

கடலுக்கே போக முடியாத வகுப்புக்கும் வேலை இருக்கிறது. பவளத்திட்டின் தரையை மேலிருந்து எடுத்த படத்தில், கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததுபோல 100 புள்ளிகளை வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் என்ன இருக்கிறது? உயிருள்ள பவளமா, பாசியா, மணலா? 37 புள்ளிகள் பவளத்தின் மேல் விழுந்தால், அந்தப் படத்தில் பவளப் போர்வை ஏறத்தாழ 37 சதவீதம். ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதேதான், படங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். ஒரே படத்தை இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பாருங்கள். விடைகள் பொருந்தாது. ஏன் என்று அவர்கள் சண்டை போடும் அரைமணி நேரத்தில், ஒரு மாதப் பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் வெப்பக் கணக்கு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் மூலம் கடல் வெப்பத்தை அளந்து இலவசமாக வெளியிடுகிறது. அதில் வெப்ப வாரம் என்று ஓர் அளவு. வழக்கமான கோடை உச்சத்தைவிட குறைந்தது ஒரு டிகிரி கூடிய வாரங்களை மட்டும் எடுத்து, 12 வாரங்களுக்குக் கூட்டுவார்கள். 1.5 டிகிரி கூடுதல் மூன்று வாரம் நின்றால் 4.5. ஆனால் 0.8 டிகிரி ஐந்து வாரம் நின்றால்? பூஜ்யம், ஏனென்றால் அது ஒரு டிகிரியைத் தொடவில்லை. கூட்டுத்தொகை 4 வந்தால் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8 வந்தால் சாவுகளையும். உலகு தழுவிய வெளிறல் 1998-இலும், 2010-இலும், 2014 முதல் 2017 வரையும் நடந்தது. 2023-இல் தொடங்கிய நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

பள்ளிகளில் பிரபலமான ஒரு சோதனையைப் பற்றி எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. முட்டை ஓட்டை வினிகரில் போட்டு, அது கரைவதைக் காட்டி, "கடலில் பவளத்துக்கும் இதுதான் நடக்கிறது" என்று முடித்துவிடுகிறார்கள். கடல் நீர் இன்னமும் காரத்தன்மை உள்ளதுதான். காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவே. தொழிற்புரட்சிக்கு முன் அதன் சராசரி பிஎச் (அமில-கார அளவு) 8.2, இப்போது 8.1. இறக்கம் சின்னதாகத் தெரிந்தாலும் இது மடக்கை அளவு; ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டன. அவை கடலில் உள்ள கார்பனேட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. பவளம் வீடு கட்ட வேண்டிய செங்கல்லே அந்தக் கார்பனேட்தான். வீட்டைக் கரைப்பதற்கு முன்பே செங்கல் தட்டுப்பாடு வந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நீரை அமிலப் பக்கம் தள்ளுவதைக் காட்ட, புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி கலந்த நீரில் உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதச் சொல்லலாம் (உறிஞ்சக் கூடாது). மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தைப் பச்சையாக்கி மஞ்சளாக்கும்.

சரி, யார் பொறுப்பு? பிள்ளைகளுக்கு ஒரே குற்றவாளி வேண்டும். ஜமைக்காவின் கதையைக் கொடுத்துப் பாருங்கள். 1970-களின் கடைசியில் அங்கே கடலடியில் பாதியைப் பவளம் மூடியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 1980-இல் ஆலன் சூறாவளி பவளத்தை நொறுக்கியது உண்மை. ஆனால் சூறாவளிகள் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன, பவளம் மீண்டுகொண்டும் இருந்தது. இந்த முறை பவளத்தின் இடத்தைப் பிடிக்கும் கடலடிப் பாசியை மேய்ந்து இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கிளிமீன் போன்றவை பல்லாண்டு மீன்பிடிப்பால் ஏற்கெனவே அருகியிருந்தன. மேய்ச்சல் வேலை முழுக்கக் கடல் முள்ளெலி என்ற, உடலெங்கும் முள் கொண்ட கறுப்பு நிற உயிரின் தலையில் விழுந்திருந்தது. 1983-இல் கரீபியனில் ஒரு நோய் வந்து அந்த முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் கொன்றது. பிறகு பாசிக்குத் தடையே இல்லை. இதில் குற்றவாளி சூறாவளியா, கிருமியா, வலையா? வகுப்பை மூன்று கட்சியாகப் பிரித்து வாதாட விடலாம். மூவரிடமும் சான்று இருக்கும்.

சன்ஸ்கிரீன் மேல் பழி போடும் குழு ஒன்று நிச்சயம் கிளம்பும். ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு 2021 முதல் ஹவாய் தடை போட்டிருக்கிறது. தவிர்ப்பது நல்லதுதான். ஆனால் மனிதரே இல்லாத தொலைவுத் திட்டுகளும் வெப்பத்தில் வெளிறுகின்றன. கடலில் வெப்பம் தேங்கக் காரணம் புகைபோக்கிகளும் வண்டிகளும் விடும் வாயுக்கள். பசுமைக்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிய உபரி வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. கழிவுநீரையும் வண்டலையும் நங்கூரத்தையும் உள்ளூரிலேயே தடுக்கலாம். தெளிந்த நீரும் போதிய மேய்ச்சல் மீனும் உள்ள திட்டு, வெளிறலுக்குப் பின் எழுந்து நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. சூட்டை மட்டும் எந்த ஊராலும் தனியாக இறக்க முடியாது.

மறுபடியும் அந்த முதல் படம். செத்ததா, இல்லையா என்று அறிய இன்னொரு படம் வேண்டும், அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே நிற அட்டையோடு, ஆறு வாரம் கழித்து. குறிப்பேட்டில் தேதி, நேரம், ஆழம், நீரின் வெப்பம் எல்லாம் இருக்க வேண்டும். முதல் வரியில் 1 என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியில் 2 வரலாம், 3 வரலாம். அல்லது அந்தக் கட்டத்தில் எண்ணே இல்லாமல் "இழைப்பாசி" என்று எழுத வேண்டி வரலாம்.