ஷென்மென்: உறக்கமின்மைக்கு ஊசியேற்றும் புள்ளியும் அதன் தமிழ்ப் பெயரும்

உறக்கம் வரவில்லை என்று அக்குபங்சர் மருத்துவரிடம் போகிறவருக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில் ஓர் ஊசி ஏறும். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, மணிக்கட்டு மடிப்பின் ரேகை வழியே சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டு போனால் பட்டாணி அளவில் ஒரு சிறு எலும்பு தட்டுப்படும். அதனருகே, அந்த எலும்பில் போய்ச் சேரும் தசைநாணுக்குச் சற்று உட்புறமாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர்தான் ஷென்மென். சீன மருத்துவம் இதயத்துக்கு உரியதாக வகுத்த பாதையில் ஒன்பது புள்ளிகள் உண்டு, இது ஏழாவது.

இரண்டு எழுத்துகளால் ஆன பெயர் இது. ‘மென்’ என்றால் வாயில். பழைய வடிவத்தில் இரட்டைக் கதவை அப்படியே வரைந்து வைத்த எழுத்து. ‘ஷென்’தான் ஆழமானது. அதன் ஒரு பாதி வழிபாட்டைக் குறிக்கும் உறுப்பு. மறு பாதி, ஆதியில் மின்னலை வரைந்த கோடுகள். தெய்வம் என்பது இச்சொல்லின் பழம்பொருள். மருத்துவ நூல்களில் அது மனிதனுக்குள் இறங்கிவிடுகிறது: நினைவு, தெளிவு, அறிவு, கண்ணில் தெரியும் ஒளி எல்லாம் சேர்ந்தது ஷென். இதே எழுத்துகளை ஜப்பானியர் ‘ஷின்மோன்’ என்றும் கொரியர் ‘சின்முன்’ என்றும் வாசிக்கிறார்கள்.

இதற்கும் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு? சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங், இதயம் ஷென்னைத் தன்னுள் வைத்திருக்கிறது என்கிறது. இரவில் ஷென் அங்கே அடங்கினால் உறக்கம். அடங்க இடமில்லாமல் அலைந்தால் விழிப்பு. அடங்காததற்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. நெடுநாள் கவலையாலோ நோயாலோ இரத்தம் குறைந்தவருக்கு ஒரு வழி, கோபத்தால் கல்லீரல் சூடேறியதாகக் கருதப்படுபவருக்கு வேறு வழி. ஆகவே ஷென்மென் தனியாக வருவது அரிது. கணுக்காலின் உட்புற எலும்புக்கு மேல், நோயாளியின் சொந்த விரல்கள் நான்கின் அகலம் தள்ளியிருக்கும் சான்யின்ஜியாவ் அதன் வழக்கமான துணை. இதைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது மரபு. காதுக்குப் பின்னாலுள்ள ‘அன்மியென்’ இன்னொரு துணை; அமைதியான உறக்கம் என்பதே அதன் பெயர்.

நோயின் பெயரையும் பார்த்துவிட வேண்டும். இன்றைய சீனத்தில் அது ‘ஷிமியென்’, உறக்கத்தை இழத்தல். மருத்துவ வழக்கில் ‘பு மெய்’, உறங்காமை. நெய்ஜிங்கோ ‘கண் மூடாமை’ என்றும் சொல்கிறது. உடலைக் காக்கும் ஆற்றல் பகலில் 25 சுற்று வெளிப்புறத்திலும் இரவில் 25 சுற்று உட்புறத்திலும் ஓடுகிறது. விடியலில் அது கண்ணுக்கு வந்து சேரும்போது கண் திறக்கிறது என்பது அந்த நூலின் கணக்கு. முதியவர்கள் ஏன் இரவில் உறங்குவதில்லை என்று, நூலின் பெயரிலுள்ள ஹுவாங்தி, அதாவது மஞ்சள் பேரரசர், அதில் கேட்கிறார். வயதால் தசை வறண்டு ஆற்றலின் வழி தடைப்படுவதால் பகலில் தெளிவில்லை, இரவில் உறக்கமில்லை என்பது மருத்துவர் சிபோவின் விடை. கேள்வி இன்றைக்கும் பழையதாகவில்லை.

கண்ணை வைத்து உறக்கத்தைச் சொல்வது தமிழுக்கும் இயல்பு. விழி என்றால் கண், விழி என்றால் எழு. ‘ஓர்யான் மன்ற துஞ்சாதேனே’ என்று குறுந்தொகைத் தலைவி நள்ளிரவில் சொல்வதை நினைத்தால், பு மெய்க்குத் ‘துஞ்சாமை’ என்று பெயரிட ஆசை வரும். ஆனால் துஞ்சுதலுக்கு இறத்தல் என்ற பொருளும் உண்டு. மன்னர்கள் இறந்த இடத்தைக் ‘குளமுற்றத்துத் துஞ்சிய’ என்றுதான் குறித்தார்கள். நோய்க்குப் பெயராக அது ஆகாது. தூங்குதல் முதலில் தொங்குதல். தூக்கணாங்குருவியின் கூட்டைப் பார்த்தால் போதும். எனினும் இன்றைய வழக்கில் ஐயத்துக்கு இடமில்லை. உறக்கமின்மை, தூக்கமின்மை இரண்டுமே சரி.

அக்குபங்சருக்குக் ‘குத்தூசி மருத்துவம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாகசாகியில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே 1683இல் லண்டனில் வெளியிட்ட இலத்தீன் நூல் வழியாகவே ‘அக்குபங்க்தூரா’ ஐரோப்பாவில் பரவியது. ஊசி, குத்தல் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை அது. குத்தூசி அதற்கு நேரான தமிழ். சீனப் பெயரான ‘ஜென்ஜியு’வில் ஊசியோடு மூலிகைச் சூடும் அடங்கியிருக்கிறது. அந்த மூலிகை நம் மரிக்கொழுந்தின் இனம். தமிழ்ப் பெயரில் அந்தப் பாதி விடுபட்டுப்போனது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி ஷென்மென்னுக்கு வருவோம். ஆங்கில நூல்கள் ‘ஆவியின் வாயில்’ என்று பெயர்க்கின்றன. தமிழில் ஆவி என்றதும் பேய் நினைவு வந்துவிடும். ‘தெய்வ வாயில்’ மருத்துவத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடும். ‘மனவாயில்’ பரவாயில்லை. என் தேர்வு ‘உளவாயில்’. உள்ளம் என்பது உள்ளே இருப்பது. உள்ளுதல் என்றால் நினைத்தல். உள்ளே உறைவது, நினைப்பது என்ற ஷென்னின் இரு பண்புகளும் இந்த ஒரு வேரிலேயே இருக்கின்றன. இதயத்தைக் குறிக்கும் சீனச் சொல் ‘சின்’ மனத்தையும் குறிக்கும். அதற்கு ஈடான ‘நெஞ்சு’ம் நம்மிடம் உண்டு. நெஞ்சில் உறையும் உள்ளம் என்று எழுதினால் நெய்ஜிங் சொன்னது முழுதாக வந்துவிடுகிறது.

பெயர் பொருத்தமாக அமைவதால் பலன் உறுதியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 33 சோதனைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, உறக்கமின்மைக்கு அக்குபங்சர் பயன்படும் என்றோ பயன்படாது என்றோ சொல்லும் அளவுக்குச் சான்றுகள் தரமாக இல்லை என்றது. நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது, உறக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையைத்தான். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர் முதலில் பொது மருத்துவரைப் பார்ப்பதே முறை.

எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷென்மென் என்ற பெயரில் காதின் மேற்பகுதியிலுள்ள முக்கோணக் குழியிலும் ஒரு புள்ளி இருக்கிறது. அது 1950களில் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே தொடங்கிவைத்த காது அக்குபங்சர் முறைக்கு உரியது. மணிக்கட்டுப் புள்ளியோடு பெயர் மட்டுமே ஒன்று. இரண்டும் ஒரே கட்டுரையில் வரும்போது மணிக்கட்டில் இருப்பதை ‘கை உளவாயில்’ என்றும் காதில் இருப்பதைச் ‘செவி உளவாயில்’ என்றும் எழுதலாம்.